பேக்கேமன் புதிதாக ஆடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

பேக்கேமன் என்ற இந்தப் பகடைப் பலகை ஆட்டத்தின் விதிகளைக் கால் மணி நேரத்தில் கற்றுக்கொண்டு, வரிசையாகப் பத்து ஆட்டம் தோற்று, "எனக்கு மட்டும் பகடையே விழ மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்ளும் இடத்தில் நீங்கள் இருந்தால், இது உங்களுக்கானது. நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எழுதிவைத்தேன். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் இஸ்தான்புல்காரர்; என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். அவர் பேச்சு இடையிடையே வரும்.

எனக்குத் தாயம் தெரியும். அது போதுமா?

பாதி வேலை முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு, பழம் இரண்டும் இங்கேயும் உண்டு. அந்த வார்த்தைகளையே நானும் பயன்படுத்துகிறேன். பலகையில் 24 முக்கோணங்கள். ஆளுக்கு 15 காய்கள். ஒருவர் போகும் திசைக்கு எதிர்த்திசையில் மற்றவர் வருவார். இரண்டு பகடை, இரண்டு எண்ணையும் தனித்தனியாக ஆடலாம், ஒரே காய்க்கும் கொடுக்கலாம். இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை ஆடவேண்டும்.

பெரிய வித்தியாசம் ஒன்று. தாயத்தில் பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் போய் நின்றுகொண்டால் யாரும் தொட முடியாது. இங்கே அப்படி இனாமாக எதுவும் கிடையாது. ஒரு முக்கோணத்தில் உங்கள் காய் இரண்டு இருந்தால் எதிராளி அங்கே கால் வைக்க முடியாது. ஒன்றே ஒன்று நின்றால் வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் நடுவிலுள்ள பாரில் உட்காரும். அது எதிராளியின் ஹோம் பகுதி வழியாக உள்ளே வரும்வரை வேறு எந்தக் காயையும் நீங்கள் நகர்த்த முடியாது. 15 காயும் உங்கள் ஹோமுக்கு (கடைசி ஆறு முக்கோணங்கள்) வந்தபிறகுதான் பழம் எடுக்க, அதாவது காய்களைப் பலகையிலிருந்து வெளியேற்ற, ஆரம்பிக்கலாம்.

முக்கோணத்தை இனி "வீடு" என்கிறேன். உங்கள் கடைசி வீடு 1, மிகத் தொலைவிலுள்ளது 24. ஆரம்பத்தில் உங்கள் காய்கள் 24இல் இரண்டு, 13இல் ஐந்து, 8இல் மூன்று, 6இல் ஐந்து. எதிராளிக்கும் அவர் பக்கத்திலிருந்து எண்ணினால் அப்படியேதான். ஐந்தாம் வீடு, ஏழாம் வீடு என்று பேசும்போது ஜாதகக் கட்டம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

பகடை ஆட்டத்தில் உத்தி என்ன வேண்டிக்கிடக்கிறது? எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

ஒரு ஆட்டத்தில் ஆமாம். நேற்றுப் பழகியவர் இன்று உலக சாம்பியனை ஒரு ஆட்டம் ஜெயித்துவிடலாம். சதுரங்கத்தில் இது நடக்காது. 1979இல் மாண்டி கார்லோவில், அப்போதுதான் உலகப் பட்டம் வென்றிருந்த லூயிஜி வில்லாவை, ஹான்ஸ் பெர்லினர் எழுதிய கணினி நிரல் 7-1 என்று தோற்கடித்தது. பெரிய செய்தி. ஆனால் அன்று பகடை நிரலின் பக்கம் இருந்தது என்று பெர்லினரே பிறகு எழுதினார்.

ஆட்டங்கள் நூறு, இருநூறு என்று போகும்போது பகடை இருவருக்கும் ஒரே மாதிரி விழுந்திருக்கும். மிஞ்சுவது முடிவுகள் மட்டும். இரண்டு பகடையில் விழக்கூடியவை 36 விதம். அதில் எத்தனை எனக்கு நல்லது, எத்தனை கெட்டது என்று எண்ணுவதுதான் இந்த ஆட்டத்தில் மூளைக்கு வேலை. பெரிய கணக்கெல்லாம் இல்லை, விரல் விட்டு எண்ணுவதுதான். ஆனால் தொடக்கத்தில் யாரும் எண்ணுவதில்லை. அங்கேதான் தோற்கிறோம்.

முதல் நகர்த்தலில் என்ன செய்வது? எதையாவது மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஐந்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 3-1 விழுந்தால் 8இலிருந்து ஒன்று, 6இலிருந்து ஒன்று எடுத்து ஐந்தாம் வீட்டைப் பிடியுங்கள். 4-2க்கு அதே இடங்களிலிருந்து நான்காம் வீடு. 5-3க்கு மூன்றாம் வீடு. 6-1க்கு 13இலிருந்தும் 8இலிருந்தும் வந்து ஏழாம் வீடு. 6, 7, 8 மூன்றும் சேர்ந்து சிறு சுவராகிவிடும். 6-5க்கு 24இலுள்ள ஒரு காயை ஒரே ஓட்டமாக 13க்குக் கொண்டுவாருங்கள். இந்த 6-5ஐ என் நண்பர் "ஷெஷ் பெஷ்" என்பார். துருக்கியர் பகடை எண்களைச் சொல்லும்போது பாரசீகம் கலந்துவரும்: யெக், து, செ, ஜிஹார், பென்ச், ஷெஷ். இந்தி தெரிந்தவர்களுக்கு உடனே புரியும்.

மற்ற எண்களுக்குப் பொதுவாக 13இலிருந்து ஒரு காயைக் கீழே இறக்கிவையுங்கள், அல்லது பின்னால் நிற்கும் இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது இரண்டையும் செய்யுங்கள். 6-4 போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நல்ல வழிகள் உண்டு. எதை ஆடினாலும் குடி முழுகிவிடாது.

ஐந்தாம் வீட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அது உங்கள் ஹோமுக்குள் இருக்கிறது. ஆறாம் வீட்டை ஒட்டியும் இருக்கிறது. பிடித்தால் எதிராளியின் பின்காய்கள் வெளியேறும் வழி அடைபடும். வெட்டுப்பட்டு வரும் காய்க்கும் ஒரு வாசல் குறையும். ஒன்றாம், இரண்டாம் வீட்டைப் பிடித்தாலும் வாசல் குறையும்தான். ஆனால் அங்கே போன காய்கள் ஆட்டம் முடியும்வரை வேறு வேலைக்கு ஆகாது. வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட மாதிரி. புதிதாக ஆடுபவர்கள் பயத்தில் காய்களை அங்கே கொண்டுபோய் அடுக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எதிராளியின் ஐந்தாம் வீட்டை நீங்கள் பிடிப்பதும் இதே அளவு நல்லது. உங்கள் எண்ணிக்கையில் அது 20. எதிராளியின் ஹோமுக்குள் இப்படி ஒரு வீடு கையில் இருப்பதை ஆங்கர் என்பார்கள். அது இருக்கும்வரை எத்தனை முறை வெட்டுப்பட்டாலும் உள்ளே வர உங்களுக்கு ஒரு வாசல் நிச்சயம்.

தனிக்காய் விட எனக்குப் பயம். எப்போது விடலாம்?

இதை நிதானமாகப் பார்ப்போம், ஆட்டமே இதில்தான் இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. எதிராளியின் காய் உங்கள் தனிக்காய்க்கு 6 அடி பின்னால் நிற்கிறது (ஓர் அடி என்றால் ஒரு வீடு). அவர் எதில் எல்லாம் வெட்டுவார்? ஏதாவது ஒரு பகடையில் 6 விழுவது 36இல் 11. அதோடு 5-1 இரண்டு விதம், 4-2 இரண்டு விதம், 3-3 ஒன்று, 2-2 ஒன்று. மொத்தம் 17. கிட்டத்தட்ட பாதி. அதே காய் 1 அடி தள்ளி நின்றால் 11 மட்டுமே. 2க்கு 12, 3க்கு 14, 4க்கும் 5க்கும் 15. ஆறைத் தாண்டிவிட்டால் சட்டென்று இறங்கும்: 7க்கும் 8க்கும் 6, 9க்கு 5, 10க்கு 3. இடையில் நீங்கள் பிடித்த வீடுகள் இருந்தால் இன்னும் குறையும். ஆக, தனிக்காய் விட்டே ஆகவேண்டும் என்றால் எதிராளிக்கு மிக அருகில் விடுங்கள், அல்லது ஆறு அடிக்கு அப்பால் விடுங்கள். நடுவில் ஆறடி தூரம்தான் மோசம்.

அடுத்தது, வெட்டுப்பட்டால் எவ்வளவு நஷ்டம்? முதல் நகர்த்தலில் 5-1 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5ஐ 13/8 என்று, அதாவது 13இலிருந்து 8க்கு, ஆடுகிறீர்கள். மிச்சம் ஒன்று. பழைய காலத்து ஆட்டக்காரர்கள் 6/5 என்று ஒரு தனிக்காயை ஐந்தாம் வீட்டில் துணிந்து வைப்பார்கள்; வெட்டுப்படாவிட்டால் அடுத்த முறை அந்த வீட்டை மூடிவிடலாமே என்று. எதிராளியின் பின்காய்கள் அதற்கு 4 அடி பின்னால் நிற்கின்றன, 15 விதத்தில் வெட்டும். வெட்டினால், பாரிலிருந்து ஐந்தாம் வீடுவரை நடந்துவந்த 20 அடியும் போயிற்று. மாறாக 24/23 ஆடினால்? அங்கே வெட்டுப்பட்டால் போவது 2 அடி.

1990களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜெரால்ட் டெசாரோ ஒரு நிரல் எழுதினார். தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்ட டிடி-கேமன் அது. மனிதர்களிடம் பாடம் கேட்காத அந்த நிரல், 4-1, 5-1 போன்றவற்றில் அந்தத் துணிச்சலை ஏற்கவில்லை, 24/23தான் ஆடியது. பெரிய ஆட்டக்காரர்கள் முதலில் புருவத்தை உயர்த்தி, பிறகு தாங்களும் மாறிக்கொண்டார்கள். இன்று 2-1க்கு மட்டும் இரண்டு வழியும் புழக்கத்தில் உண்டு.

மூன்றாவதாக, எதிராளியின் ஹோம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே அவர் ஒரே ஒரு வீடு பிடித்திருந்தால் வெட்டுப்பட்டாலும் ஏறக்குறைய எப்போதும் அடுத்த பகடையிலேயே உள்ளே வந்துவிடுவீர்கள். அவர் நான்கு வீடு பிடித்துவைத்திருக்கும்போது அதே தனிக்காயை விடுவது வேறு கதை. ஆட்டத்தின் தொடக்கத்தில் துணிச்சல், அவர் ஹோம் கட்டிமுடித்தபிறகு அடக்கம். பலரும் தலைகீழாக ஆடுகிறார்கள்.

வெட்டுப்பட்டால் உள்ளே வர எத்தனை வாய்ப்பு?

எதிராளி இரண்டு வீடு பிடித்திருந்தால் 36இல் 32. மூன்று என்றால் 27. நான்கு என்றால் 20. ஐந்து என்றால் 11. ஆறும் மூடிவிட்டார் என்றால் பகடையைத் தொடவே வேண்டாம், டீ குடித்துவிட்டு வரலாம். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும் இடத்தில்தான் வயிற்றைக் கலக்கும். நான்காவது வீட்டை மூடும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால் தவறவிடாதீர்கள்.

வெட்ட வாய்ப்பு வந்தால் வெட்டியே ஆகவேண்டுமா?

தாயத்தில் வெட்டு விழுந்தால் வீடே ஆரவாரிக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கை தானாகப் போகும். கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

உங்கள் எண்ணிக்கையில் எந்த வீட்டில் வெட்டுகிறீர்களோ, அத்தனை அடி எதிராளிக்கு நஷ்டம். 18ஆம் வீட்டில் வெட்டினால் 18 அடி. ஒன்றாம் வீட்டில் வெட்டினால் ஒரே அடி. அதற்காக உங்கள் காய் ஒன்று மூலையில் தனியாக நிற்கும், பாரிலிருந்து வரும் காய் 1 விழுந்தால் அதை வெட்டிவிடும். அப்போது உங்களுக்கு நஷ்டம் 24. பக்கத்துக் கடையில் இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய்ப் பர்ஸைத் தொலைத்த மாதிரி.

ஒரு விலக்கு உண்டு. எதிராளி அடுத்த பகடையில் உங்கள் மேல் ஏதோ பெரிய காரியம் செய்யப்போகிறார் என்றால், நஷ்டம் குறைவான வீட்டில்கூட வெட்டலாம். உள்ளே வருவதற்கே அவருடைய ஒரு பகடை செலவாகிவிடும். மிச்சம் ஒன்றை வைத்துக்கொண்டு அவரால் நினைத்ததைச் செய்ய முடியாது.

ஓடுவதா, தடுப்பதா? எப்படி முடிவெடுப்பது?

எதிராளியை விட முன்னால் இருக்கிறீர்களா என்று முதலில் எண்ணுங்கள். ஒவ்வொரு காயும் வெளியேற இன்னும் எத்தனை அடி என்று கூட்டினால் வருவது பிப் கணக்கு. தொடக்கத்தில் இருவருக்கும் 167. சராசரியாக ஒரு வீச்சில் 8 அடிக்குச் சற்று அதிகமாகப் போகலாம். அவருடையதைவிட உங்களுடையது 20 குறைவு என்றால் ஓடுங்கள். சண்டைக்கு நிற்காமல் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விடுவதே உங்களுக்கு லாபம். நீங்கள் பின்தங்கியிருந்தால் ஓடிப் பயனில்லை. ஆங்கரில் நின்றுகொண்டு அவர் தவறுக்குக் காத்திருங்கள், அல்லது சுவர் கட்டுங்கள்.

சுவர் என்றால் அடுத்தடுத்து பிடித்த வீடுகள். ஆறு சேர்ந்தால் எந்தப் பகடையாலும் தாண்ட முடியாது. ஐந்து சேர்ந்த சுவருக்கு முன்னால் ஒட்டி நிற்கும் காய்க்கு ஒரு 6 விழவேண்டும், 36இல் 11. ஒட்டி நிற்காமல் ஓரடி பின்னால் நின்றால் முதலில் ஒட்ட வேண்டும், பிறகு 6 வேண்டும். அதனால் நீங்கள் மாட்டிக்கொண்டால் முதல் வேலை சுவரின் ஓரத்துக்கு வருவது.

சுவர் கட்டுகிறவருக்கும் ஒரு தலைவலி இருக்கிறது. பகடை விழுந்துகொண்டே இருக்கும், நகர்த்தியே ஆகவேண்டும். வேறு இடத்தில் நகர்த்தக் காய் இல்லாவிட்டால் கட்டிய சுவரைத் தானே இடிக்க வேண்டிவரும். எதிராளியின் சுவரில் மாட்டியிருக்கும்போது என் நண்பர் பதற்றப்படவே மாட்டார். எதிராளியின் கையில் உதிரிக்காய் எத்தனை மிச்சம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

டபுளிங் க்யூப் என்கிறார்களே, அது எதற்கு?

1920களில் நியூயார்க்கில் வந்த சேர்க்கை. 2, 4, 8, 16, 32, 64 எழுதிய ஒரு கட்டை. ஜெயிக்கிறோம் என்று தோன்றும்போது, பகடை போடும் முன், "இரட்டிப்பு" என்று கட்டையை நகர்த்தலாம். எதிராளி ஏற்றால் பந்தயம் இரண்டு மடங்கு, அடுத்து இரட்டிக்கும் உரிமையும் அவருடையது. மறுத்தால் இப்போதைய பந்தயத்தை இழந்து அந்த ஆட்டம் அங்கேயே முடியும். துருக்கியின் டீக்கடைகளில் இதைப் பார்க்க முடியாது. என் நண்பர் இதைச் சூதாடிகளின் சமாச்சாரம் என்று தொடவே இல்லை. இணையத்திலும் போட்டிகளிலும் பெரும்பாலும் க்யூப் உண்டு.

எப்போது ஏற்பது? நான்கில் ஒன்று ஜெயிப்பேன் என்றால் ஏற்கலாம். எண்ணிப் பாருங்கள்: அதே நிலை நான்கு முறை வருகிறது. நான்கு முறையும் மறுத்தால் 4 புள்ளி போகும். நான்கு முறையும் ஏற்று மூன்றில் தோற்றால் 6 போகும், ஒன்றில் ஜெயித்தால் 2 வரும். மொத்தத்தில் அதே 4தான். 25 சதவீதத்துக்கு மேல் கொஞ்சம் இருந்தாலும் ஏற்பது லாபம். புதியவர்கள் "தோற்கப்போகிறேன்" என்ற உணர்விலேயே மறுத்துவிடுகிறார்கள். தோற்கப்போகிறீர்கள், சரி, நான்கில் மூன்றா, ஐந்தில் நான்கா என்பதே கேள்வி. ஆனால் ஒரு பழம்கூட எடுக்காமல் தோற்றால் இரட்டைத் தோல்வி, அதற்குக் கேமன் என்று பெயர். துருக்கியில் "மார்ஸ்". அந்த அபாயம் இருந்தால் கணக்கை இறுக்கிக்கொள்ளுங்கள்.

எதிரெதிரே மோதல் முடிந்து வெறும் ஓட்டமாகிவிட்டால் இன்னும் எளிது. முன்னால் இருப்பவருக்கு 100 பிப் என்றால், 8 முன்னிலையில் இரட்டிக்கலாம். கட்டை ஏற்கெனவே தன் பக்கம் இருந்தால் 9 வரை காத்திருக்கலாம். பின்னால் இருப்பவர் 12 வரை ஏற்கலாம். நூறு இல்லாவிட்டால் இதையே சதவீதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பழக என்ன வழி?

ஜிஎன்யு பேக்கேமன் என்ற நிரல் இலவசம். அதோடு ஆடுவதைவிட, ஆடி முடித்த ஆட்டத்தை அலசச் சொல்வதே பயன். தோற்ற ஆட்டத்தில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை என்று சில சமயம் சொல்லும். ஜெயித்த ஆட்டத்தில் பத்துத் தவறு காட்டும். இரண்டாவதுதான் கசக்கும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பெரிய தவறை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏன் என்று புரியும்வரை பாருங்கள். எல்லாவற்றையும் பார்த்தால் ஒன்றும் மனதில் தங்காது.

கடைசியில் இரண்டு காய்தான் மிச்சம். எப்படி வைத்தாலும் ஒன்றுதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆறாம் வீட்டில் ஒன்று, நான்காம் வீட்டில் ஒன்று. எதிராளிக்கு ஒன்றாம் வீட்டில் ஒரே காய். அவர் முறை வந்தால் முடித்துவிடுவார். எனக்கு விழுந்தது 2-1. மூன்று அடி நகர்த்தி 7 அடி மிச்சம் வைக்கவேண்டும். எப்படி வைத்தாலும் அடுத்த வீச்சில் அவர் முடித்துவிடுவார், அதன்பின் எனக்கு முறையே கிடையாது என்பதால் அந்த ஆட்டம் போனதுதான். ஆனால் அவருக்கு இரண்டு காய் மிச்சமிருந்த அதற்கடுத்த ஆட்டத்தில், அதே ஆறும் நான்கும், அதே 2-1 எனக்கு மறுபடி வந்தது. இம்முறை அடுத்த வீச்சு எனக்கு உண்டு.

மூன்று வழி. நான்கிலுள்ளதை ஒன்றுக்கு இறக்கினால் 6உம் 1உம் நிற்கும். ஆறிலுள்ளதை மூன்றுக்குக் கொண்டுவந்தால் 4உம் 3உம். ஆறிலுள்ளதை ஓரடியும் நான்கிலுள்ளதை ஈரடியும் நகர்த்தினால் 5உம் 2உம். எல்லாமே 7 அடிதான். ஆனால் ஒரே வீச்சில் இரண்டையும் பழமாக்கும் வாய்ப்பு 6-1க்கு 36இல் 15, 4-3க்கு 17, 5-2க்கு 19. உட்கார்ந்து எண்ணினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்கு எண்ணத் தோன்றவில்லை. இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தால் பார்க்க அழகாக இருந்தது, 4-3 வைத்தேன்.

அவருக்கு 2-1 விழுந்தது, ஒரு காய் மட்டும் வெளியே போனது. நான் போட்டேன். 6-2. நான்கிலிருந்தது பழமானது; மூன்றிலிருந்தது ஒன்றாம் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. 5-2 வைத்திருந்தால் இரண்டும் போயிருக்கும். நண்பர் எதுவும் சொல்லாமல் பகடையை எடுத்துக் குலுக்கினார்.